அண்ணாச்சி கையை அசைத்தார்

சுயம்புலிங்கம் அண்ணாச்சிக்கு வாயும் கையும் ஒரே நரம்பில் ஓடுகின்றன என்பது மாசானத்தின் தீர்மானமான கருத்து. திசையன்விளை பஜாரில் சலூன் வைத்திருப்பவர் மாசானம். அண்ணாச்சிக்கு அதே பஜாரில் கருப்பட்டி மொத்த வியாபாரம். அவர் வாயைத் திறந்தால் கை தானாக எழும்பிவிடும். கையைப் பிடித்துக்கொண்டால் பேச்சு அறுந்துவிடும். சவரக்கத்தியோடு பக்கத்தில் நிற்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய சோதனை என்று மற்றவர்களுக்குப் புரியாது.

அன்றைக்குச் சோதனை இரட்டிப்பு. அண்ணாச்சியின் மகள் செவ்வந்திக்கு அன்று பகலில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் உடன்குடியிலிருந்து வேனில் கிளம்பியாகிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா ஆதிலிங்கம் சகுனம் பார்ப்பதில் பெரிய கெட்டி. போன மாதம் குறித்த தேதியை, கிளம்புகிற நேரத்தில் டிரைவர் தும்மினான் என்று தள்ளிப் போட்டவர். அப்படிப்பட்டவர் முன்னால் மீசையில்லாமல் போய் நின்றால் அவ்வளவுதான். வாழ்நாளெல்லாம் மீசை வைத்திருந்த ஒருவர் திடீரென்று மழுமழுவென்று நின்றால் அந்தப் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான்: பெற்றவர்களில் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள், வீட்டில் தீட்டு, நல்ல காரியம் கிடையாது.

"முனையை மட்டும் ஒதுக்கிவிடு, மாசானம். மத்தபடி மீசை நின்ன எடத்துல நிக்கணும். மக காரியம்" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்தார். அடர்த்தியான, காது வரை போய் எட்டிப் பார்க்கிற மீசை. மாசானம் துணியைப் போர்த்தி, இரண்டு கைகளையும் உள்ளே தள்ளி, கழுத்தில் இறுக்கி முடிந்தார். கன்னத்தையும் தாடையையும் முதலில் முடித்துவிட்டு, மீசையைக் கடைசியில் வைத்துக்கொள்வோம் என்று கணக்குப் போட்டார். அதற்குள் அண்ணாச்சியின் பேச்சு ஓய்ந்துவிடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

பெஞ்சில் இருந்த கொம்பையா அந்த நம்பிக்கையைக் கெடுத்தார். அவர் ரிட்டயரான பஸ் கண்டக்டர். முடி வெட்டிக்கொள்ளத் தலையில் ஒன்றுமில்லை, ஓசியில் பேப்பர் படிக்க வருகிறவர்.

"என்ன வே, வரும்போது பாத்தேன், கையில கறுப்பா ஒரு பட்டை? மந்திரிச்சுக் கட்டினதா?"

துணிக்குள் ஒரு கை அசைந்தது. மாசானம் கத்தியை எடுத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனார்.

"பெங்களூர்ல இருந்து பையன் அனுப்பினது" என்றார் அண்ணாச்சி. "நம்ம வீட்டுல இப்பம் சுவிட்சுக்கு வேலையே கெடையாது. இதை மாட்டிக்கிட்டு ஒரு வெரலைத் தூக்குனா லைட்டு எரியும். வெரலை மடக்குனா அணையும். சுத்துனா ஃபேன். எல்லாம் கை அசைவுதான்."

"சுவிட்சு போடுததுக்கும் வெரலைத்தான தூக்கணும்?" என்றார் கொம்பையா.

"அதுக்கு எந்திரிச்சுப் போவணும்லா. இது படுத்தவாக்குல."

அவருக்குப் பக்கத்தில் முறைக்காகக் காத்திருந்த சுடலைமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். வயர் சமாச்சாரம் எதுவும் அவரை மீறிப் போகக்கூடாது. "வீட்டுக்கு எப்பிடி அண்ணாச்சி தெரியும், எது உத்தரவு, எது சும்மா சொறியுததுன்னு?"

மாசானத்துக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. இப்படிப்பட்ட கேள்விக்கு அண்ணாச்சி ஒரு வரியில் பதில் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

"அங்கதான் சங்கதியே இருக்கு" என்று அண்ணாச்சியின் வலது கை வெளியே வந்தது. "வாங்கி மாட்டுன மொத நாளு. மத்தியானம் எலை போட்டு உக்காந்தேன். சோத்தைப் பெசஞ்சேன். பின்னால வாஷிங் மெஷின் சுத்துது. உருட்டுனேன். மிக்ஸி ஓடுது. சரி, வீடு நம்ம கூட ஒத்துழைக்குன்னு நெனச்சுக்கிட்டு கவளத்தை வாய்க்குத் தூக்குதேன், வாசல்ல இரும்புக் கேட்டு தெறக்கு. கையை எலைக்கு எறக்குதேன், கேட்டு மூடுது. பாத்துக்கிடும், ஒரு கவளத்துக்கு ஒரு ஆடு உள்ள வருது."

"யாரு ஆடு?"

"தெருவுல மேயுத ஆடு. ரசத்துக்கு வரும்போது முத்தத்துல நிக்க எடமில்ல. மோருக்கு வரும்போது ஆட்டுக்காரன் ஓடிவந்து என் எலைக்கு எதுத்தாப்புல குத்தவச்சு, 'அண்ணாச்சி, கையைக் கழுவிராதீய, இன்னும் ரெண்டு குட்டி வெளிய நிக்கு'ன்னு கெஞ்சுதான்."

"அம்புட்டையும் எப்பிடி வே வெளிய அனுப்புனீரு?"

"எப்பிடி அனுப்ப? மறுபடியும் எலை போட்டு உக்காந்தேன். ஒரு ஆட்டுக்கு ஒரு கவளம். வயிறு கொள்ளல. ஆனா வாயில்லா சீவன்லா."

மாசானம் அந்தக் கையைப் பிடித்து மெதுவாகத் துணிக்குள் வைத்தார். "கையை உள்ள வைங்க அண்ணாச்சி. கத்தி இருக்கு." அண்ணாச்சி பணிவாகத் தலையாட்டினார். ஒரு கன்னம் முடிந்தது. கேட்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டாவது கன்னமும் நிம்மதியாக முடிந்திருக்கும்.

"அதோட விட்டுதா?" என்றார் கொம்பையா. அவருக்கு நம்பிக்கை என்று எதுவும் கிடையாது. ஆனாலும் மேலே கேட்காமல் இருக்க முடியவில்லை.

"விடுமா? ஊரே வந்து வேடிக்கை பாத்துட்டுப் போவுது. கண்ணு பட்டுரும்னு உப்பும் மொளகாயும் எடுத்து நானே வாசல்ல நின்னு வீட்டுக்கு மூணு சுத்துச் சுத்துனேன். சுத்தி முடிச்சா, என்னமோ கிறுகிறுன்னு வருது. எனக்குத்தான் தலை சுத்துதுன்னு பாத்தா, வீடு சுத்துது வே. மூணு சுத்து. நான் கடைசியில மொளகாயை அடுப்புல போடத் திரும்புனேன் பாருங்க, வீடும் கூடத் திரும்பி, கெழக்க பாத்த வாசல் தெக்க பாத்து நின்னுட்டு."

"செப்டிக் டேங்கு?" என்று கேட்டார் சுடலைமணி.

"கூட வந்துச்சி."

"தண்ணிக் கொழாய்?"

"முறுக்கிக்கிட்டு. ரெண்டு நாளைக்கு வாளியில தண்ணி சுத்திச் சுத்தித்தான் விழுந்துது. எம் பொஞ்சாதி தங்கபுஷ்பம் அதுல அரிசி களையும்போது மயக்கம் போட்டுட்டா."

"நான் தெனம் அந்த வழியாத்தான் போறேன். வீடு கெழக்கதான பாத்து நிக்கு" என்று மடக்கினார் கொம்பையா.

"தெக்கு வாசல் நம்ம ராசிக்கு ஆகாதுன்னு எடது கையால திருப்பி வச்சிட்டேம்லா." அண்ணாச்சி இடது கையால் திருப்பிக் காட்டினார். சோப்பு நுரை பறந்து கொம்பையாவின் பேப்பரில் விழுந்தது. மாசானத்துக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. வருகிற வேனும், அதில் இருக்கிற மனுசரும், வீட்டில் பட்டுச்சேலை கட்டிக் காத்திருக்கிற செவ்வந்தியும் அவர் கண்முன் வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிருந்தது. தள்ளிப்போன தேதிக்கு அவள் அழுத அழுகை பஜாருக்கே தெரியும். அதெல்லாம் அவளைப் பெற்றவருக்கு நினைப்பில் இருக்கிற மாதிரித் தெரியவில்லை.

தாடையும் முடிந்தது. இனி மீசைதான். மாசானம் புது பிளேடு மாட்டி, இடது பக்க முனையை ஒதுக்கினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒதுக்கினார். நன்றாக வந்தது. வலது பக்கத்துக்கு வந்தார்.

"பெரிய கூத்து இனிமேத்தான்" என்று மீசைக்குக் கீழிருந்து சத்தம் வந்தது. "மாடியில வடகம் காயப் போட்டிருக்கு. காக்கா வருது. சூன்னு கையை வீசுனேன். காக்கா போவல. இங்கேருந்து வள்ளியூர் வரைக்கும் நிக்குத, கரண்டு எடுக்குத காத்தாடி அம்புட்டும் நின்னு, ஒரு முக்கு முக்கி, மறுபக்கமா சுத்த ஆரம்பிச்சிட்டு. உண்டாக்குன கரண்டெல்லாம் வந்த வழியே திரும்பிப் போவுது. ஊர்ல இருக்க பல்பு பூரா வெளிச்சத்தை உறியுது. பட்டப்பகல்ல கும்மிருட்டு. டிவியில செய்தி வாசிக்குத பொண்ணு, வாசிச்ச செய்தியை ஒவ்வொண்ணா திருப்பி முழுங்குதா. விக்கல் எடுத்துட்டு அவளுக்கு."

கொம்பையா பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். "அன்னைக்கி நான் ஊர்லதான் வே இருந்தேன். இருட்டவே இல்ல."

"நீரு மத்தியானம் கண்ணை மூடித் தூங்குத ஆளு. உமக்கு எப்பிடித் தெரியும்?"

"சரி, அது போவட்டும். இப்பம் பட்டை கையில இருக்கு. இங்கேருந்து அசைச்சா உம்ம வீட்டுல எதாவது நடக்குமா?"

"எதாவதா? அமெரிக்காவுல இருந்து அசைச்சாலும் நடக்கும்."

கொம்பையா போனை எடுத்து அண்ணாச்சியின் மனைவிக்கே போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். "மதினி, நான் கொம்பையா பேசுதேன். வாசல்ல கேட்டு தெறந்திருக்கா, மூடியிருக்கா?"

"தெறந்துதான் கெடக்கு, பந்தக்காரன் வந்து போயிட்டு இருக்கான்" என்றது தங்கபுஷ்பத்தின் குரல். "எதுக்குக் கேக்கியோ?"

"அப்பிடியே பாத்துக்கிட்டு இருங்க."

மாசானம் அப்போது அண்ணாச்சியின் மேலுதட்டின் மேல் குனிந்திருந்தார். "அண்ணாச்சி, வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் துணியைக் கிளப்பிக்கொண்டு வலது கை எழும்பிவிட்டது. சலூன் கூரையைத் தொடப்போகிற வேகத்தில் வந்து மாசானத்தின் முழங்கையைத் தட்டியது.

மாசானம் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். ரத்தம் இல்லை, கீறல் இல்லை. வலது பக்க மீசை மட்டும் முழுசாக அண்ணாச்சியின் மடியில் கிடந்தது.

"கேட்டு தெறந்தபடியேதான் நிக்கு" என்று போன் சொன்னது. "என்ன விசயம்?"

கொம்பையா கண்ணாடியைப் பார்த்தபடியே, "அண்ணாச்சி இங்கேருந்து கையை அசைச்சாவ, மதினி" என்றார்.

"அவுகளா? சாப்பிட்ட எலையை எடுக்கக்கூட இந்த வீட்டுல அந்தக் கை அசைஞ்சு நான் பாத்ததில்லியே. பேச்சுக் கொடுக்காம சீக்கிரம் அனுப்பி வைங்க. வேன் பெரியதாழை தாண்டிட்டாம்."

மாசானத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "மையை எடுத்து வரைஞ்சுவிடட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டார். அண்ணாச்சி கண்ணாடியில் தன் பாதி முகத்தையும் மீதி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "வேர்த்தா ஒழுகும். அதையும் எடுத்துரு" என்றார். கை மடியை விட்டு அசையவில்லை. மாசானம் தன் இத்தனை வருசத் தொழிலில் அண்ணாச்சிக்கு அவ்வளவு சுலபமாக எதையும் மழித்ததில்லை. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "நீயும் கூட வா, மாசானம். சாட்சி வேணும். மக காரியத்துல ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லமாட்டேன்" என்றார் அண்ணாச்சி.

இவர்கள் போய்ச் சேரவும் வேன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. முதலில் இறங்கிய ஆதிலிங்கம் சிரித்துக்கொண்டே கையெடுத்தார். எடுத்த கை பாதியில் நின்றது. தாம்பாளத்தோடு இறங்கப்போன பெண்களைத் திரும்பிப் பார்த்து, ஏறச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

"யாரு?" என்றார். "எப்பம்?"

"யாரும் இல்ல சம்மந்தி. எங்கப்பாவும் எங்கம்மாவும் உள்ளதான் இருக்காவ, சமையல்காரரை ஏசிக்கிட்டு. சத்தம் கேக்குல்லா?"

கேட்டது. ஆதிலிங்கத்தின் முகம் தெளியவில்லை. "அப்பம் பங்காளியில யாரோ. மறைக்காதீய. தீட்டுல தட்டு மாத்தப்படாது."

அண்ணாச்சி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். அந்தக் கோலத்தில் அவர் பேசி மாசானம் பார்த்ததில்லை. "சலூன்ல இருந்தேன். கையை அசைச்சேன். மீசை போயிட்டு. இதான் நடந்தது."

"கையை அசைச்சா மீசை போவுமா?"

"கத்தியில பட்டு, முதலாளி" என்றார் மாசானம். "நான்தான் வழிச்சது. சத்தியமா அதான் நடந்தது."

ஆதிலிங்கம் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். நிச்சயத்தன்று ஒருத்தர் மீசையைக் கையசைத்துப் போக்கிக்கொண்டார், அதற்கு ஒரு ஆளைச் சாட்சிக்கு வேறு கூட்டி வந்திருக்கிறார். பொய்யே இதைவிட ஒழுங்காக இருக்கும் என்று அவர் முகம் சொன்னது. "இன்னொரு நாள் பாப்போம்" என்று வேனின் படியில் கால் வைத்தார். ஜன்னலில் செவ்வந்தியின் முகம் தெரிந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்தார்.

பின்னால் கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன. தலைக்கு மேலே எழும்பி, திருச்செந்தூர் இருக்கிற திக்கைப் பார்த்துக் கூம்பின.

"சொல்லப்படாதுன்னு இருந்தேன், சம்மந்தி" என்றார். "நேர்ந்துக்கிட்டதை வெளிய சொன்னா பலிக்காதும்பாவ. போன மாசம் தேதி தள்ளிப்போன அன்னைக்கே கடக்கரையில போய் விழுந்தேன். முருகா, உடன்குடிச் சம்பந்தம் மட்டும் என் மவளுக்கு அமையட்டும், நான் எதைப் பெருசா நெனைக்கேனோ அதை உனக்குத் தந்துருதேன்னேன். ஒரு அலை வந்து சரியா எம் மீசையைத் தொட்டுட்டுப் போச்சு. வேற எதையும் தொடல. சட்டைகூட நனையல. இன்னைக்கிக் காலையில கடனைத் தீத்தேன்."

சாட்சிக்கு வந்த மாசானமும் அவசரமாகக் கையைக் கூப்பிக்கொண்டார். வேனுக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் அம்மா, "முருகா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆதிலிங்கம் படியிலிருந்து காலை எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, அண்ணாச்சியின் கூப்பிய கைகளைத் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டார்.

"இம்புட்டு பெரிய காரியம் பண்ணிட்டு," என்றார், "கையை அசைச்சேன் மீசை போயிட்டுன்னு வாசல்ல நின்னு எதுக்கு சம்மந்தி அப்பிடி ஒரு புளுகு?"