பகா எண் குடும்பம்

வேலாங்காட்டுவலசில் சடையப்பன் முதலாக அண்ணன் தம்பிகள் ஆறு பேர். ஆறு பேருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. மூளையும் ஏறக்குறைய ஒன்றுதான்; அதையும் முறை வைத்துத்தான் பயன்படுத்தினார்கள். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தம்பிகள் நாலு பேர் பாகம் பிரித்து நடுவில் முள்வேலி போட்டதிலிருந்து மூன்றாமவன் செங்கோடனுக்குச் சோறு இறங்கவில்லை. நாமும் ஒருநாள் பிரிந்துவிடுவோமோ?

பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரிடம் போய்க் கேட்டார்கள். கூட்டுவதும் வகுப்பதும் அவர் தொழில்தானே. ஆறை இரண்டாகவும் பிரிக்கலாம், மூன்றாகவும் பிரிக்கலாம் என்றார் அவர். செங்கோடன் தூணைப் பிடித்துக்கொண்டான். ஆனால் ஐந்து, ஏழு, பதினொன்று மாதிரி சில உண்டு, பகா எண் என்று பெயர், எந்த ராஜா வந்தாலும் சரிபாகமாகப் பங்கு போட முடியாது என்று சொல்லச் சொல்ல வாத்தியாருக்குத் தூக்குச்சட்டியில் இருந்த சாப்பாடே மறந்துபோனது. ஈராயிரம் வருஷத்துக்கு மேலாக ஜனங்கள் அதைத் தேடுகிறார்கள், அடுத்தது எங்கே நிற்கும் என்று லேசில் சொல்ல முடியாது, எண்ணி முடிக்கவும் முடியாது என்றார். ஏன் தேடுகிறார்கள் என்பது செங்கோடனுக்கு மட்டும் விளங்கியது. பாவம், அவர்களும் அண்ணன் தம்பியோடு பிறந்தவர்கள்.

வீட்டுக்கு வந்து ஆலோசித்தார்கள். எருமையைச் சேர்த்து ஏழாக்கலாம் என்றான் கடைசித் தம்பி. எருமை வந்தால் கன்றும் வரும், எட்டாகிவிடும். ஆகவே ஐந்துதான்.

“நாம பிரியாம இருக்கோணும்னா, ஒருத்தன் வெளிய போயிரோணும்,” என்றார் சடையப்பன்.

“நானே போறனுங்கண்ணா,” என்றான் செங்கோடன். குடும்பம் பிழைத்ததே என்ற நிம்மதியில் அழுதுகொண்டே, பாயைச் சுருட்டிக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனான்.

மறுநாள் வாத்தியாருக்கு நன்றி சொல்லப் போன சடையப்பன், முகம் வெளிறிக் கொட்டகை வாசலில் வந்து நின்றார். “செங்கோடா, ஒண்ணு பகா எண் இல்லியாம்டா.”

செங்கோடன் தன் உடம்பைத் தடவிப் பார்த்தான். எந்த இடத்தில் பிளக்கும் என்று பிடிபடவில்லை. வயிறு ஏற்கெனவே கொஞ்சம் வலித்தது.

உடனே துணைக்கு ஒரு தம்பியை அனுப்பினார்கள். கொட்டகையில் இரண்டு, அது பகா எண்தான். ஆனால் வீட்டில் நாலு. நாலு நட்டநடுவில் பிளக்குமே என்று இன்னொருவன் அலறியடித்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினான். இங்கே மூன்று, அங்கே மூன்று. இரண்டுமே பகா எண். ஆறு பேரும் சந்தோஷத்தில் கட்டிக்கொள்ள ஓடிவந்தார்கள். பாதி வழியில் சடையப்பன் கையைக் காட்டி நிறுத்தினார். சேர்ந்தால் திரும்பவும் ஆறாகிவிடும்.

தவறிக்கூடச் சேர்ந்துவிடாதபடி நடுவில் ஆளுயரத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். அடுப்பு இரண்டானது, கிணற்றுக்கு முறை வந்தது. இனி யாராலும் நம்மைப் பிரிக்க முடியாது என்று சுவருக்கு இரண்டு பக்கமும் பொங்கல் வைத்தார்கள்.

தை பிறந்ததும் செங்கோடனுக்கு ஒரு ஜாதகத்தோடு தரகர் வந்தார். நல்ல பெண், ஒரே மகள், தாயாரைத் தவிர வேறு பிக்கல் பிடுங்கல் இல்லை. போட்டோவைப் பார்த்ததும் செங்கோடனுக்குப் பிடித்துவிட்டது. பிறகு விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். முகம் வாடிப்போனது.

“பொண்ணு மட்டும் வந்தா நாலாயிருமுங்க,” என்றான் தயக்கத்தோடு. “மாமியாரையும் சேத்தி அனுப்பறதா இருந்தாப் பேசலாமுங்க.”