மூட்டுத் தெரியாத காப்பு

முன்னொரு காலத்தில், பொய்யைத் தேனில் குழைத்துக் கொடுத்தால் கிண்ணத்தையும் சேர்த்து நக்கும் மன்னர் ஒருவர் இருந்தார். மகுடவர்மர் என்று பெயர். நல்லவர்தான், கோபம் வராத வரைக்கும்.

அவருக்குப் பலாச்சுளைப் பாயசம் என்றால் உயிர். காலையில் ஒரு குண்டான் குடிப்பார். மதியம் அதை மறந்துபோய் இன்னொரு குண்டான் குடிப்பார். நாளடைவில் சிம்மாசனம் மன்னரைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. "மரம் இறுகிவிட்டது, மன்னா" என்றார் மந்திரி மழவராயர். தச்சரை வரவழைத்துக் கைப்பிடிகளை விலக்கி வைத்தார்கள். பட்டு அரைக்கச்சை எட்டவில்லை. "வண்ணான் சரியில்லை, பட்டைச் சுருக்கிவிட்டான்" என்றார் மழவராயர். வேறு வண்ணான் வந்தான். பாவம், அவன் துவைத்த பட்டும் சுருங்கிக்கொண்டேதான் போயிற்று.

அந்த நாட்டில் முடிசூட்டு நாள் ஆண்டுதோறும் வரும். அன்றைக்கு மன்னர் தேரில் நின்று, வலக்கையில் தங்கக் காப்புப் பூட்டி, வாளை உயர்த்திக் காட்ட வேண்டும். காப்பைப் பார்த்தால்தான் அரசர் அரசராக இருக்கிறார் என்று குடிமக்கள் நம்புவார்களாம். காப்பு கெட்டியான ஒரே வளையம். மூட்டும் கிடையாது, திருகும் கிடையாது. கையைக் குவித்து நுழைக்க வேண்டும்.

அந்த ஆண்டு அதை நுழைத்துப் பார்த்தார்கள். விரல்களைத் தாண்டவில்லை. எண்ணெய் தடவினார்கள். வெண்ணெய் தடவினார்கள். அரண்மனை வைத்தியர் மன்னரின் கையைப் பிசைந்தார். காப்பு கட்டைவிரலின் அடியில் நின்றுகொண்டு அதற்கு மேல் வரமாட்டேன் என்றது.

அவையில் எல்லோருக்கும் காரணம் தெரியும். யார் வாயைத் திறப்பது?

மழவராயர்தான் திறந்தார்.

"மன்னா, தங்கம் சுருங்கிவிட்டது."

"தங்கம் சுருங்குமா?" என்றார் மன்னர்.

"மழைக்காலக் குளிர்ச்சியில் உலோகங்கள் ஒடுங்கும், மன்னா. எங்கள் சுவடிகளில் இருக்கிறது" என்று வைத்தியர் ஒத்து ஊதினார்.

"ஆனால் இவ்வளவு ஒடுங்குமா என்பதுதான் கேள்வி" என்று மழவராயர் குரலைத் தாழ்த்தினார். "காப்பைத் துலக்கியவன் வைரவன் பத்தர். நடுவில் கொஞ்சம் தங்கத்தை உருவிக்கொண்டு வளையத்தைச் சிறிதாக்கியிருப்பான்."

வைரவன் பத்தர் அரண்மனைப் பொற்கொல்லர். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டு, துடைத்து, திருப்பிக் கொடுத்ததைத் தவிர அவர் அந்தக் காப்புக்கு வேறொன்றும் செய்யவில்லை. இருந்தாலும் மன்னர் கையசைத்தார். பத்தரைச் சிறைக்கு இழுத்துப் போனார்கள்.

அப்போது அவையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். அவர்தான் உலகளந்தான், மன்னரின் விகடர். வாய்க்கொழுப்பைத் தவிர உடம்பில் வேறு கொழுப்பே இல்லாத மனிதர்.

"எதற்குச் சிரித்தீர்?" என்று மன்னர் உறுமினார்.

"பெருமையில் சிரித்தேன், மன்னா. பகைவர்கள்தான் தங்களைக் கண்டால் ஒடுங்குவார்கள் என்று நினைத்தேன். மரம் இறுகுகிறது, பட்டுச் சுருங்குகிறது, இப்போது தங்கமும் ஒடுங்குகிறது. தங்களைத் தவிர இந்த நாட்டில் எல்லாமே சிறிதாகிக்கொண்டு வருகிறது!"

மன்னருக்கு முதலில் அது புகழ்ச்சியாகப் பட்டது. மீசையைக்கூடத் தடவிவிட்டார். தடவி முடிப்பதற்குள் மழவராயர் குனிந்து அவர் காதில் அர்த்தத்தை விளக்கிவிட்டார். மன்னரின் முகம் சிவந்தது.

மழவராயருக்கு உலகளந்தானைக் கண்டால் ஆகாது. மன்னரைத் தாம் இருபக்கம் எழுதிப் புகழ்ந்தால் ஒரு வெற்றிலைதான் கிடைக்கிறது, இந்த ஆள் ஒரு வார்த்தையில் கேலி செய்து முத்துமாலையை வாங்கிக்கொண்டு போகிறானே என்ற எரிச்சல். அந்தக் கணக்கைத் தீர்க்க இதைவிட நல்ல நேரம் வராது.

"மன்னா, இவ்வளவு தெரிந்த உலகளந்தானே புதுக் காப்புக்குப் பொறுப்பேற்கட்டும். பழையதைப் போலவே ஒரே வளையமாகத் தோன்ற வேண்டும். எவர் கண்ணுக்கும் மூட்டுத் தெரியக் கூடாது. கையைத் தாண்டி எளிதாக ஏற வேண்டும். ஏறிய பின் மணிக்கட்டில் கச்சிதமாகப் பிடிக்க வேண்டும்."

"என் கையை எவனும் அளக்கவும் கூடாது" என்று மன்னர் சேர்த்துக்கொண்டார். "இது அதே பழைய கைதான். அதை அளக்க வேண்டும் என்பவன் என்னைச் சந்தேகிக்கிறான் என்று அர்த்தம்."

"உலகத்தையே அளந்தவரின் பெயரை வைத்திருக்கிறார். ஒரு மணிக்கட்டு எம்மாத்திரம்!" என்றார் மழவராயர். அவையினர் சிரித்தார்கள். மந்திரி சிரித்ததைப் பார்த்த பிறகுதான் சிரித்தார்கள்.

"மூட்டுத் தெரிகிறதா இல்லையா என்று யார் பார்த்துச் சொல்வது?" என்று கேட்டார் உலகளந்தான்.

"நானே பார்க்கிறேன்" என்றார் மழவராயர்.

மன்னர் சம்மதித்தார். மூட்டுத் தெரிந்தால் பத்தரின் கட்டைவிரல் போகும், உலகளந்தான் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று முடிவாயிற்று. காப்புச் செய்ய மட்டும் பத்தரைச் சிறையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

உலகளந்தான் நேராகச் சிறைக்குப் போனார். பத்தர் ஈரத்தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன பத்தரே, சௌக்கியமா?"

"வாங்க, வாங்க. நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா எனக்கு வெறும் செறையோட போயிருக்கும். இப்பக் கட்டவெரலையும் சேத்து வாங்கிக் குடுத்திருக்கீங்க. ரொம்ப உபகாரம்."

"கோபப்படாதேயும். காப்பைச் செய்ய முடியுமா, சொல்லும்."

"மூட்டு இல்லாட்டி வளையாது. வளையாட்டி அந்தக் கையில ஏறாது. மூட்டு வச்சா கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிஞ்சா வெரல் போகும். துணியில தச்சிக் குடுத்துடறேன்னு ராஜாகிட்ட சொல்லிட்டு வந்துடுங்க."

உலகளந்தானுக்குத் தம் பேச்சால் வேறொருவரின் விரலுக்கு ஆபத்து வந்துவிட்டதே என்று உள்ளுக்குள் சுருக்கென்றது. தரையைப் பார்த்தபடி நின்றார். மழைக்கு ஒதுங்கிய ஒரு மரவட்டை சுவரோரமாக ஊர்ந்துகொண்டிருந்தது. சும்மா காலால் தொட்டார். அது சட்டென்று சுருண்டு வட்டமாகிவிட்டது.

உலகளந்தான் குனிந்தார்.

"பத்தரே, இதன் ஓடு கெட்டியா, மெதுவா?"

"கெட்டிதான்."

"பிறகு எப்படிச் சுருண்டது?"

"துண்டு துண்டா இருக்கில்ல. ஒண்ணோட ஓரம் இன்னொண்ணுக்கு அடியில பூந்துக்குது, அதான்..." பத்தர் பேச்சை நிறுத்தினார். மரவட்டையை உள்ளங்கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இத ராஜாகிட்ட சொல்லிடாதீங்க" என்றார்.

பட்டறைக்குப் போனதும் வேலை தொடங்கிற்று. முதலில் செம்பில் செய்து பார்த்தார்கள். சின்னச் சின்னத் தகடுகள். ஒவ்வொரு தகட்டின் வயிற்றுப் பக்கத்திலும் கம்பி நுழையும் அளவுக்குக் குட்டிக் குழல்கள். இரண்டு தகடுகளின் குழல்களையும் ஒன்றுக்கொன்று இடையில் கோத்து, நடுவே கம்பியைச் செருகினால் பெட்டிக்குப் போடுகிற கீல் மாதிரி மடங்கும். தட்டையாக இருக்கும்போது அழகாகத்தான் இருந்தது. வளைத்ததும் தகடுகளுக்கு நடுவில் பல்லிளித்தது.

"போச்சு, எல்லாக் கீலும் வெளிய தெரியுது" என்றார் பத்தர்.

மறுபடியும் உருக்கினார். இந்த முறை ஒவ்வொரு தகட்டுக்கும் ஓர் உதடு வைத்து, கூரை ஓடு போல அடுத்ததன் அடியில் நுழைய விட்டார். எப்படி வளைத்தாலும் இடைவெளி விழவில்லை. மெல்லிய கோடுகள் மட்டும் மிச்சம். அவற்றையும் பத்தர் விடவில்லை. காப்பு முழுவதும் ஒரு கொடியைச் செதுக்கினார். கோடு வருகிற இடத்திலெல்லாம் கொடியின் தண்டு வந்து படுத்துக்கொண்டது. பார்க்கிறவர்களுக்குக் கொடிதான் தெரியும், கோடு தெரியாது.

"அளவுக்கு என்ன செய்யறது? அளக்கவும் விடமாட்டேங்கறாரே" என்றார் பத்தர்.

"மன்னரின் அரைக்கச்சையை யாராவது அளந்தா கட்டுகிறார்கள்? இறுகும் வரை இழுத்துக் கட்டுகிறார்கள். காப்பையும் இழுத்துக் கட்ட முடியாதா?"

பத்தர் தலையைச் சொறிந்தார். பிறகு காப்பின் ஒரு முனையில் நாக்குப் போல ஒரு தகட்டை வைத்து, அதில் அரத்தால் பல் வெட்டினார். மறுமுனையை உள்ளீடற்றதாகச் செய்தார். நாக்கு உள்ளே போகப் போக ஒவ்வொரு பல்லாகக் கிடுக், கிடுக்கென்று விழும். போனது திரும்பாது. திரும்ப வேண்டுமானால் கொடியிலுள்ள மொட்டுகளில் ஒன்றை நகத்தால் ஒதுக்க வேண்டும். எந்த மொட்டு என்பது பத்தருக்கும் உலகளந்தானுக்கும் மட்டும் தெரியும்.

முடிசூட்டு நாளுக்கு முன்பே அவை கூடியது. காப்பைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பார்த்தால் கெட்டியான தங்க வளையம். உலகளந்தான் துண்டால் மூடி முனையை விடுவித்துத் தூக்கினார். அது பட்டுத்துணி போலத் துவண்டு தொங்கியது. அவையே வாயைப் பிளந்தது.

பத்தர் அதை மன்னரின் மணிக்கட்டில் சுற்றி நாக்கைச் செருகினார். கிடுக், கிடுக். அளந்து செய்தது போல உட்கார்ந்தது. மன்னர் கையைத் திருப்பினார், மடக்கினார், இல்லாத வாளை உயர்த்தினார். குழந்தை போலச் சிரித்தார்.

"எங்கிருந்து வந்தது இந்த யோசனை?"

"உடல் முழுக்கக் கவசம் அணிந்த ஒருவரைச் சந்தித்தேன், மன்னா. அதிகம் பேசமாட்டார்."

"மழவராயரே, பாரும். மூட்டுத் தெரிகிறதா?"

மழவராயர் மன்னரின் கையருகே குனிந்தார். இப்படிப் பார்த்தார், அப்படிப் பார்த்தார். அவர் கண்ணுக்குக் கொடியும் இலையும்தான் தெரிந்தன. ஆனால் அதைச் சொல்வதற்காகவா அவர் நீதிபதியானார்?

"மன்னா, வருத்தத்தோடு சொல்கிறேன். மூட்டுத் தெரிகிறது."

"எங்கே?"

"எங்குதான் இல்லை! பழகிய கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது. எங்கே சேர்கிறது, எங்கே திறக்கிறது, எல்லாமே தெரிகிறது."

மன்னரின் முகம் வாடியது. பத்தர் தம் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மறைத்துக்கொண்டார்.

உலகளந்தான் கைகூப்பினார். "மந்திரியாரின் கண்ணே கண். நான் தோற்றேன், மன்னா. இன்றே கிளம்புகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இதைத் திறக்கும் இடம் எங்கள் இருவரைத் தவிர மந்திரியாருக்கு மட்டுமே தெரிகிறது. நாளை இது தங்கள் கையில் சிக்கிக்கொண்டால் கழற்ற ஆள் வேண்டாமா? அவர் ஒருமுறை தம் கையில் போட்டுத் தாமே கழற்றிக் காட்டட்டும். கண்ணுக்குத் தெரிகிற மூட்டைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"நியாயம்தான். போட்டுக்கொள்ளும், மழவராயரே" என்றார் மன்னர்.

மழவராயர் இருமினார். தமக்கு வாயு என்றார். இன்று நாள் நன்றாயில்லை என்றார். மன்னர் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். பத்தர் துண்டால் மூடிக் காப்பைக் கழற்றினார். மந்திரியின் மணிக்கட்டில் சுற்றினார். கிடுக்.

மழவராயர் ஓர் இலையை அழுத்தினார். ஒன்றுமில்லை. தண்டைத் திருகினார். ஒன்றுமில்லை. அமுக்கிப் பிடித்து இழுத்தார். கிடுக். ஒரு பல் இறுகியது. பதறி இன்னும் பலமாக இழுத்தார். கிடுக், கிடுக். கையை உதறினார், தூணில் தேய்த்தார், பல்லால் கடித்தார். கிடுக். விரல்கள் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தன.

"அவசரம் வேண்டாம். பளிச்சென்று தெரிகிற இடமாகப் பார்த்துத் திறவுங்கள்" என்றார் உலகளந்தான்.

"சுருங்குகிறது! ஐயோ, காப்புச் சுருங்குகிறது, மன்னா!" என்று மந்திரி அலறினார்.

வைத்தியர் ஓடிவந்தார். மந்திரியின் கையைப் பிடித்துப் பார்த்தார். பதற்றத்தில், அரண்மனைக்கு வந்த நாளிலிருந்து செய்யாத ஒரு காரியத்தைச் செய்துவிட்டார். கண்ணால் கண்டதைச் சொல்லிவிட்டார்.

"காப்புச் சுருங்கினால் கையா இப்படிப் புசுபுசுவென்று இருக்கும்? கை வீங்கிவிட்டது ஐயா, கை! கை பெருத்தால் காப்பு இறுகத்தானே செய்யும்!"

சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

மன்னர் மெதுவாகத் திரும்பினார்.

"வைத்தியரே, மந்திரிக்கு என்றால் கை பெருக்கிறது. எனக்கு என்றால் தங்கம் சுருங்குகிறதா?"

"அது... அது வேறு தங்கம், மன்னா" என்றார் வைத்தியர்.

மன்னர் தம் கையைப் பார்த்தார். குனிந்து வயிற்றைப் பார்த்தார். கால்விரல்களைப் பார்க்க முயன்றார், தெரியவில்லை. அவர் தோள் குலுங்கியது. கோபமென்று எண்ணி முன்வரிசை பின்வரிசைக்கு நகர்ந்தது. பிறகு சிரிப்பு வெடித்தது. சிரித்தார், இருமினார், கண்ணில் நீர் வழியச் சிரித்தார். மன்னர் சிரித்தால் சிரித்தாக வேண்டுமே என்று அவையும் சிரித்தது.

"மழவராயரே, மூட்டுத் தெரிகிறதா?"

"தெரியவில்லை, மன்னா! சத்தியமாகத் தெரியவில்லை! முன்பும் தெரியவில்லை!"

"பத்தரே, விடுவியும்."

பத்தர் ஆசுவாசமாக வந்தார். துண்டைப் போட்டு மூடி, வேண்டுமென்றே இரண்டு தவறான மொட்டுகளைத் தடவிவிட்டு, மூன்றாவதை நகத்தால் ஒதுக்கினார். காப்பு கழன்று விழுந்தது.

மன்னர் பத்தருக்குப் பட்டாடை போர்த்தி, நட்ட நடுக் கடைவீதியில் பட்டறை வைத்துக்கொள்ள இடம் கொடுத்தார். உலகளந்தானுக்குத் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். போட்டுவிட்டு, அருகில் இழுத்துக் கேட்டார்:

"உண்மையைச் சொல்லும். நான் பெருத்துவிட்டேனா?"

"மன்னா, அரசர்கள் பெருப்பதில்லை. ராஜ்யம் விரிகிறது. ஆனால் எல்லையைக் காப்பது கடினமாகிக்கொண்டு வருகிறது."

மன்னர் மறுபடியும் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் மதியப் பாயசம் வேண்டாம் என்று சமையல்கட்டுக்குச் சொல்லி அனுப்பினார்.

முடிசூட்டு நாளன்று தேரில் காப்பு மின்னியது, வாள் உயர்ந்தது, மக்கள் ஆரவாரித்தார்கள். மழவராயர் கீழே கையில் கட்டோடு நின்றுகொண்டிருந்தார். வாட்பயிற்சியில் சுளுக்கிவிட்டதாக எல்லோரிடமும் சொன்னார். அவர் வாளைத் தொட்டதை ஒருவரும் கண்டதில்லை. ஆனாலும் வைத்தியர் மட்டும், ஆமாம், பெரிய வாள் என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்.