மஞ்சள் கதவுக்கு முன்னால் ஒரு வரிசை

ரொம்பக் காலத்துக்கு முன்னால் தேன்மலை நாட்டை நகைமுகன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். பேர்தான் நகைமுகன். காக்க வைத்தால் முகம் பாகற்காயாகிவிடும். பால் பொங்குவதற்குள் பத்துத் தரம் அடுப்படியை எட்டிப் பார்க்கிற ஆள்.

அவன் ஊருக்கு வெளியே ஒரு கேளிக்கை வனம் கட்டினான். பனைமர உயரத்துக்கு ராட்டினம், ஆளைக் குளத்தில் கொண்டுபோய்த் தள்ளுகிற நீர்ச்சறுக்கு, உள்ளே போனவன் குரல் மாறி வெளியே வருகிற பேய்க்குகை. திறப்பு விழாவன்று உற்சாகம் தலைக்கேறி, "இங்கே எல்லாருக்கும் ஒரே வரிசை. அதைத் தாண்டுகிறவன் நானாகவே இருந்தாலும் சரி, ஒரு மாதம் ராட்டினத்து உச்சிப் பெட்டியில் உட்கார வேண்டும்" என்று முழங்கிவிட்டான். சனங்கள் தட்டிய தட்டலில் மரத்துக் காக்காயெல்லாம் பறந்துபோயின.

முழங்கிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறான். ராட்டினத்து வரிசை வாசலைத் தொடுகிறது. சறுக்கு வரிசை குளத்தைச் சுற்றி வளைத்திருக்கிறது. பேய்க்குகை வரிசையில் ஒரு குடும்பம் பாய் விரித்துப் புளியோதரையே பிரித்துவிட்டது.

"விடங்கரே, பொழுது சாய்வதற்குள் நான் மூன்றிலும் ஏறியாகணும்" என்றான் மந்திரியிடம், பாகற்காய் முகத்தோடு.

பக்கத்தில் மழவராயர் நின்றிருந்தார். மந்திரி ஆசனத்தின் மேல் அவருக்கு வெகுநாளாகவே ஒரு கண். பேசுவதெல்லாம் மூக்கால்தான். "அதுக்கென்ன பிரபு, விடங்கர் பெரிய மூளைக்காரர். சனங்களை விரட்டாம, வாசலைச் சாத்தாம, உங்க ஆணையும் கெடாம முடிச்சிடுவார். முடிக்காட்டி உச்சிப் பெட்டி அவருக்கு, மந்திரி ஆசனம் எனக்கு. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"நல்ல பேச்சு. அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா.

விடங்கரோ தயிர் கடைவதைப் பார்த்தாலே தலை சுற்றுகிற மனிதர். ராட்டினத்தின் நிழல் மேலே பட்டதுக்கே சுவரைப் பிடித்துக்கொண்டார். பிடித்த சுவரை விடாமல் வனத்தின் பின்பக்கம்வரை நடந்துபோனார்.

அங்கே பூட்டிய மஞ்சள் கதவு ஒன்று இருந்தது. அதன் முன்னால் ஒருத்தி, இடுப்புப் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றுவதற்காக நின்றாள். மூட்டையோடு அவள் புருஷன் பின்னால் நின்றான். எங்கிருந்தோ வந்த ஒரு செக்குக்காரர் அவனுக்குப் பின்னால் நின்று கேட்டார்.

"இது எதுக்கு வரிசை தம்பி?"

"வரிசையா? நான் இவளுக்காக நிக்கிறேன்."

புருஷனும் பெண்டாட்டியும் போய்விட்டார்கள். செக்குக்காரர் போகவில்லை. இப்போது நாம்தான் முதல் ஆள் என்று இடுப்பில் கைவைத்து ஜம்மென்று நின்றார்.

விடங்கருக்குச் சிரிப்பு தாளவில்லை. அரண்மனைச் சமையல்காரரையும் குடைபிடிக்கிறவரையும் கூட்டிவந்தார். செக்குக்காரரிடம் கெஞ்சிக் கேட்டு அவருக்கு முன்னால் ஒரு இடம் வாங்கினார். கோயில் நடை திறக்கக் காத்திருக்கிற முகத்தோடு மூவரும் நின்றார்கள். அவ்வளவுதான். எறும்பு வந்ததுபோல் ஆட்கள் வந்தார்கள்.

"உள்ளே என்னங்க?"

"திறந்தாத்தான் தெரியும்" என்றார் விடங்கர். பொய் சொல்லவில்லை.

அந்தச் சேதி வரிசையோடு பின்னால் போகப் போக வளர்ந்தது. "யானையாம்." "வெறும் யானையில்ல, பறக்குற யானை." "என் மச்சான் போன வாரமே ஏறிட்டான், வயித்தக் கலக்குதாம்." வனம் திறந்ததே அன்றைக்குத்தான்.

ராட்டினத்து வரிசை கரைந்தது. சறுக்கு வரிசை ஓடிவந்தது. புளியோதரைக் குடும்பம் பாயைச் சுருட்டியது. எல்லாருக்கும் கடைசியில் மழவராயர் வந்தார். "தள்ளு, தள்ளு. நான் யார் தெரியுமா?"

"வரிசை, வரிசை" என்று சனங்கள் கத்தினார்கள். அவர் முழங்கையால் இடித்துக்கொண்டே கதவடிக்கு வந்துவிட்டார்.

"தாராளமா நில்லுங்க" என்று விடங்கர் விலகிக்கொண்டு, நேரே ராஜாவிடம் போனார். "எல்லாம் காலியாக இருக்கிறது பிரபு. ஏறலாம்."

ராஜா ஏறினான். சறுக்கில் தொபுக்கென்று விழுந்தான். குகையில் பேய்க்குப் பேய் காட்டினான். ராட்டினத்து உச்சியில் "ஓ" என்று கத்தினான். இறங்கும்போது பாதிப் பாகற்காய்.

"கத்தினேன், கூடக் கத்த ஆளில்லை. அது கிடக்கட்டும், அந்த மூலையில் என்ன அவ்வளவு சிரிப்பு?"

"வரிசை, பிரபு."

"எதுக்கு?"

"திறந்தால்தான் தெரியும்."

ராஜா ஓட்டமாக ஓடினான். வால்பக்கம் நின்ற முறுக்குக்காரி திரும்பிப் பார்த்தாள். "ராஜாவானாலும் எனக்குப் பின்னாலதான். இந்தாங்க, முறுக்கு." அவன் வாங்கிக் கடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் காத்திருந்தான். முறுக்குக்காரி மாமியார் மாதிரி நடந்து காட்டினாள். பால் பொங்கியிருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது.

வெயில் தணிந்ததும் விடங்கர் கதவைத் திறந்தார். மழவராயர் ஒரே பாய்ச்சலாக உள்ளே பாய்ந்தார். அந்தப் பக்கம் ஒரு வேப்பமரம், ஒரு கழுதை, தெரு.

"யானை எங்கேய்யா?" என்று திரும்பினார். காவலாள் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். "இது குப்பை கொண்டுபோற வழிங்க. உள்ளே வரணும்னா முன்வாசல்ல, வரிசையில வாங்க."

முதலில் சிரித்தவன் ராஜாதான். பிறகு வரிசை முழுக்கச் சிரித்தது. "அட, ராட்டினம் சும்மா நிக்குதே" என்று யாரோ சொல்ல, அத்தனை பேரும் அந்தப் பக்கம் ஓடினார்கள்.

வியர்த்து விறுவிறுத்து மழவராயர் முன்வாசல் வரிசையில் நின்று வந்து சேர்ந்தார். முறுக்குக்காரி விரல் நீட்டினாள். "இடிச்சுக்கிட்டு முன்னால போனது இந்த ஐயாதான்."

"உச்சிப் பெட்டி, ஒரு மாதம். அதற்கும் வரிசையில் நின்றே ஏறும்" என்றான் ராஜா. பிறகு கழுத்து முத்துமாலையை விடங்கருக்குப் போட்டான். "ஆசனம் உமக்கேதான். அதோடு சந்தோஷமாக ராட்டினத்தில் ஒரு சுற்றும் சுற்றிவாரும். என் ஆணை."

விடங்கர் போய் வரிசையின் கடைசியில் நின்றார். பின்னால் மழவராயர் வந்து நின்றார்.

"நீங்க முன்னால போங்க, மழவராயரே."

"ஐயையோ, இனிமே நான் யாரையும் தாண்ட மாட்டேன். நீங்க போங்க."

"பரவாயில்லை, போங்க."

"அட, நீங்க போங்கன்னு சொல்றேன்."

ராட்டினக்காரன் அன்றைக்கு விளக்கேற்றிக் கடை கட்டும்வரை இரண்டு பேரும் அதே இடத்தில் நின்று உபசாரம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், எதற்கென்று தெரியாமலே, செக்குக்காரர் வந்து நின்றிருந்தார்.