கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு போன தேனிலவு

புன்னைத்துறைத் திருமேனிக்கு வாக்கப்பட்டு வந்த அஞ்சுகத்துக்கு ஒரே ஒரு ஆசைதான். புருஷன் தன்னிடம் நாலு வார்த்தை தனியாகப் பேச வேண்டும். பெரிய ஆசையா இது, நீங்களே சொல்லுங்கள்? நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை. ஆனால் அவள் வாங்கி வந்த வரம் அப்படி. திருமேனிக்கு வாய் உண்டு, வார்த்தையும் உண்டு, நாலு பேர் முன்னால் மட்டும் அது வெளியே வராது. மணவறையிலேயே அஞ்சுகம் மாலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

"என்னங்க, எதுவும் பேச மாட்டீங்களா?"

"தனியா இருக்கும்போது பேசுறேன்" என்றான் அவன். சொல்லிவிட்டு வேர்த்து வடிந்தான்.

சரி, தேனிலவுக்குப் போகப்போகிறோம், அங்கே பேசாமல் எங்கே போய்விடுவார் என்று அவளும் மனசைத் தேற்றிக்கொண்டாள். கடற்கரையோரமாகவே வேன் எடுத்துக்கொண்டு தொண்டி வரைக்கும் போய்வருவதாக ஏற்பாடு.

ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி முதல் பயணம் துணையில்லாமல் போகக்கூடாது. வேன் கிளம்புகிற நேரத்தில் கூட்டத்திலிருந்து யாரோ, "துணைக்கு ரெண்டு மூணு பெரியவங்க ஏறிக்குங்கப்பா!" என்று குரல் கொடுத்தார்கள். பந்தலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த மூன்று பேர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு ஏறிவிட்டார்கள். மூத்தவர் தருமையன். நடுவில் உலகநாதன். கடைசி வைரக்கண்ணு. மூன்று பேருக்கும் ஒரே மாதிரி மீசை, ஒரே மாதிரி புத்தி.

அஞ்சுகத்தின் அப்பா ஓடிவந்து அவர்களுக்குக் கும்பிடு போட்டு, வழிக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். மாமியார் காவேரியம்மாளும் கும்பிட்டாள். "புள்ளைங்க சின்னஞ்சிறுசுங்க. ஒரு நிமிஷம் தனியா விட்டுடாதீங்க. கூடவே இருங்க."

"உசுரு போனாலும் கூடவே இருப்போம்" என்றார் தருமையன்.

மாமனார் தன் பங்குக்கு மகனுக்கு வழி சொன்னார். "கடலை இடது கைப்பக்கமாவே வச்சுக்கிட்டு ஓட்டு. அது வலது பக்கம் வந்துடுச்சுன்னா வழி தப்பிடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் ஊர் வந்து சேரமாட்டே."

திருமேனி அப்பா பேச்சைத் தட்டினதில்லை. அம்மா பேச்சையும் தட்டினதில்லை. வழியில் போகிறவன் சொன்னால் அதையும் தட்டமாட்டான்.

பெட்ரோல் போடவேண்டி வந்தபோதே விவகாரம் ஆரம்பித்துவிட்டது. பங்க் இருந்தது ரோட்டுக்கு வலப்பக்கம்.

"உள்ள திருப்பினா கடல் முதுகுப் பக்கம் போயிடுமே மாமா" என்றான் திருமேனி.

"முதுகும் இடது கையும் ஒண்ணா?" என்று உலகநாதன் கேட்டார்.

மூவரும் யோசித்தார்கள். இல்லை என்று தீர்ப்பானது. வேன் ரோட்டிலேயே நிற்க, வைரக்கண்ணு தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு பங்குக்கும் வண்டிக்குமாக நடந்தார். பங்க்காரன் செம்பில் பிடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். கடைசியில் யாரோ புண்ணியவான் ஒரு கேன் கொடுத்தான்.

வேளாங்கண்ணிக் கடற்கரையில் ஒரு போட்டோக்காரர் வந்தார். அஞ்சுகத்துக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். போட்டோவுக்கு நிற்கும்போதாவது பக்கத்தில் நிற்பாரே.

"சார் கொஞ்சம் பின்னாடி போங்க. இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான். நான் சொல்ற வரைக்கும் அசையாதீங்க."

அந்த நேரம் பார்த்துப் போட்டோக்காரருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே பஜ்ஜிக்கடைப் பக்கம் போய்விட்டார். அலை வந்தது. அஞ்சுகம் புடவையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடிவந்துவிட்டாள். திருமேனி அசையவில்லை. முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. பட்டு வேட்டி தனியாகக் கழன்று, விட்டது சனியன் என்று மிதந்து போனது.

"ஏங்க, வந்துடுங்க!" என்று அஞ்சுகம் கத்தினாள்.

"அவரு இன்னும் சொல்லலையே!" என்று நெஞ்சளவு தண்ணீரிலிருந்து பதில் வந்தது.

"மாமா, நீங்களாவது கூப்பிடுங்க!"

தருமையன் தலையை ஆட்டினார். "நாம கூப்பிட்டு மாப்ளே அசைஞ்சு, படம் கெட்டுப்போனா யாரு பொறுப்பு மருமவளே?" மூவரும் பஜ்ஜிக்கடைக்குப் போய்ப் போட்டோக்காரரைத் தேடிக் கொண்டுவந்தார்கள். வழியில் ஆளுக்கு ரெண்டு பஜ்ஜியும் தின்றார்கள். படம் வந்தது. அதில் கடல் இருந்தது, நடுவில் ஒரு தலை இருந்தது. தலை சிரித்துக்கொண்டிருந்தது.

வேதாரண்யம் பக்கம் ரோடு உள்ளே வளைந்தது. கடல் கண்ணில் படவில்லை. திருமேனி சடாரென்று பிரேக் போட்டான்.

"என்ன மாப்ளே?"

"கடலைக் காணோம் மாமா."

நாலு ஆண்பிள்ளைகளும் இறங்கி நெற்றியில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மாளை உலகநாதன் விசாரித்தார்.

"தாயி, இங்க கடல் இருந்துச்சே?"

"அந்தாண்டதான்யா இருக்கு. எங்க போவப் போவுது?"

"நீ எப்பப் பாத்தே?"

"காலையில பாத்தேன்."

"காலையிலயா!" உலகநாதன் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "இப்ப உச்சிப்பொழுது. அதுக்குள்ள என்னென்ன ஆயிருக்குமோ."

வைரக்கண்ணு ஓடினார். வேனில் மற்றவர்கள் காத்திருந்தார்கள். தனியாக இருந்தால் பேசலாம் என்று அஞ்சுகம் புருஷன் முகத்தைப் பார்த்தாள். ரெண்டு பேருக்கும் நடுவில் தருமையன் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து வைரக்கண்ணு சொட்டச் சொட்ட நனைந்து வந்தார்.

"இருக்கு. கண்ணால பாத்தா நம்பிக்கை இல்லேன்னு உள்ள இறங்கித் தொட்டுட்டே வந்துட்டேன்."

வண்டி கிளம்பியது.

மல்லிப்பட்டினம் வந்தபோது அஞ்சுகத்துக்குப் பொறுமை போய்விட்டது. சாயங்கால நேரம். படகுகள் வரிசையாக நின்றன, காற்று நன்றாக அடித்தது. இப்படி ஒரு இடத்தில் பேசாத புருஷன் வேறு எங்கே பேசுவான்? வெட்கத்தைத் தூர வைத்துவிட்டுத் தருமையனிடம் போய்க் கேட்டேவிட்டாள்.

"மாமா, கொஞ்ச நேரம் எங்க ரெண்டு பேரையும் தனியா விடுங்களேன்."

மூவரும் ஒரு படகு மறைவில் கூடிப் பேசினார்கள்.

"தனியா விடக்கூடாதுன்னு அந்த அம்மா சொல்லியிருக்கு" என்றார் வைரக்கண்ணு.

"புள்ள வாய்விட்டுக் கேக்குது. அதுவும் பாவந்தானே" என்றார் உலகநாதன்.

தருமையன் தொண்டையைச் செருமினார். "தனின்னா என்ன? பக்கத்துல ஆள் இருக்கக்கூடாது. ரெண்டு பேரையும் ஒரே இடத்துல விட்டா இவளுக்குப் பக்கத்துல அவன், அவனுக்குப் பக்கத்துல இவ. அப்ப ரெண்டு பேருமே தனி இல்லே. நாம செய்றதைச் சரியாச் செய்யணும்."

திருமேனியைக் கரையின் அந்தக் கோடியில் ஒரு உடைந்த படகின் மேல் உட்கார வைத்தார்கள். அஞ்சுகத்தை இந்தக் கோடியில் வலைக் குவியலின் மேல் உட்கார வைத்தார்கள். யாரும் குறுக்கே போய்த் தொந்தரவு செய்துவிடாமல் மூவரும் நடுவில் காவல் நின்றார்கள். அங்கிருந்து திருமேனி கையை ஆட்டினான். இங்கிருந்து அஞ்சுகம் ஆட்டவில்லை. அழுதாள்.

"பாத்தியா, சந்தோஷத்துல கண்ணீரே வந்துடுச்சு" என்று உலகநாதன் நெகிழ்ந்துபோனார். "எவ்வளவு நாள் ஆசையோ!"

அன்றைக்கே முடிவு கட்டினாள் அஞ்சுகம். இந்த மூன்று பேரும் வேனில் இருக்கிற வரைக்கும் எதுவும் நடக்காது. சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்தால் இவர்கள் இறங்கிவிடுவார்கள். வீட்டில் ஒரு கதவு இருக்கும், அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளும் இருக்கும்.

தொண்டியில் வயிறு நிறைய மீன் சாப்பிட்டார்கள். "போதுங்க, ஊருக்குத் திரும்புவோம்" என்றாள். திருமேனி சந்தோஷமாக வண்டியைத் திருப்பினான். திருப்பினவன் முகம் வெளிறிப்போனது.

"மாமா, கடல் வலது பக்கம் வந்துடுச்சு."

மூவரும் எட்டிப் பார்த்தார்கள். வந்துதான் இருந்தது.

"வரும்போது சரியா இருந்துச்சே" என்றார் உலகநாதன். "நாம சாப்புட்டுக்கிட்டு இருந்த நேரத்துல அந்தப் பக்கம் போயிருக்கு."

"அப்பா சொன்னாரு, வலது பக்கம் வந்தா ஊர் போய்ச் சேரமாட்டோம்னு" என்று திருமேனி தழுதழுத்தான்.

"வண்டியை மறுபடி அந்தப் பக்கம் திருப்பு மாப்ளே" என்றார் தருமையன். திருப்பினான். கடல் இடப்பக்கம் வந்தது. எல்லாருக்கும் உயிர் வந்தது. ஆனால் வண்டி ஊருக்கு எதிர்ப்பக்கம் பார்த்து நின்றது. திரும்பவும் திருப்பினான். கடல் வலப்பக்கம் போனது. இப்படித் திருப்பித் திருப்பித் தொண்டிக் கடைத்தெரு முழுக்க வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. டீக்கடைக்காரர் பாலை அடுப்பில் விட்டுவிட்டு வந்து நின்றார்.

அஞ்சுகத்துக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "இப்படியே நின்னுக்கிட்டு இருக்கறதுக்கு, பின்னாலயே ஓட்டிக்கிட்டுப் போய்ச் சேருங்களேன்!" என்று வெடித்தாள்.

தருமையன் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"மூஞ்சி அந்தப் பக்கம், போறது இந்தப் பக்கம். கடல் இருந்த இடத்துலயே இருக்கும். மருமவளே, இவ்வளவு மூளைய வச்சுக்கிட்டு எப்படிம்மா தூங்குறே?"

எப்படியோ, வீடு வந்தால் சரி என்று அஞ்சுகம் விட்டுவிட்டாள்.

ஆக, வந்த வழியெல்லாம் வேன் பின்னாலேயே போனது. வைரக்கண்ணு பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து குரல் கொடுத்தார். "வரலாம்... வரலாம்... லேசா ஒடி... நேரா... வரலாம்..." அவர் குரல் கேட்டால்தான் திருமேனி நகர்த்துவான், நின்றால் நிறுத்துவான். மீமிசலில் வைரக்கண்ணு தும்மினார், வேன் நின்றுவிட்டது. முத்துப்பேட்டையில் ஒரு போலீஸ்காரர் மறித்தார்.

"யோவ், எங்கேய்யா போறீங்க?"

"ஊருக்குத் திரும்பிப் போறோம் சார்" என்றார் தருமையன்.

"திரும்பிப் போறதுன்னா திரும்பிப் போகணும்யா!"

"திரும்பினாப் போக முடியலை சார். அதான் திரும்பாமத் திரும்பிப் போறோம்."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். பிறகு போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

ஒருவழியாகப் புன்னைத்துறை வந்தது. வேன் முதுகைக் காட்டிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்து, வீட்டு வாசலில் பந்தக்காலுக்குப் பக்கத்தில் நின்றது. "வரலாம்" சொல்லிச் சொல்லி வைரக்கண்ணுவுக்குத் தொண்டை போய்விட்டது. மற்ற ரெண்டு பேரும் அவரைக் கைத்தாங்கலாக இறக்கித் தண்ணீர்க் குடத்தை நோக்கி நடத்திப் போனார்கள். ஆரத்தி எடுக்கும்போது ஜோடியாக இறங்கவேண்டுமே என்று அஞ்சுகம் இறங்கிவந்து முன்சீட்டில் புருஷன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். இன்னும் பத்தடி போனால் வீடு.

காவேரியம்மாள் வெளியே வந்தாள். வேனைப் பார்த்தாள். வருகிற வண்டி என்றால் வீட்டைப் பார்த்து நிற்கும். இது ரோட்டைப் பார்த்து நின்றது. அவளுக்கு விளங்கிவிட்டது.

"அடப்பாவிகளா, வீட்டுக்குள்ள ஒரு வாய்த் தண்ணி கூடக் குடிக்காமக் கிளம்பிட்டீங்களா!" என்று முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே ஓடி ஒரு தூக்குச்சட்டியில் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்து ஜன்னல் வழியாகத் திணித்தாள். "பத்திரமாப் போயிட்டு வாப்பா."

"அம்மா..." என்று இழுத்தான் திருமேனி.

"நான் இருந்துக்கிறேன். நீ எனக்காகக் கவலைப்படாதே. போயிட்டு வா."

அம்மா பேச்சைத் தட்டினதில்லை என்றுதான் முதலிலேயே சொன்னேனே. கியரைப் போட்டான். வேன் கிளம்பிவிட்டது.

அஞ்சுகம் திரும்பிப் பார்த்தாள். பின்சீட்டு காலி. நடுச்சீட்டு காலி. வேனில் அவளும் அவனும் மட்டும். அவள் நிறுத்தச் சொல்லவில்லை.

தென்னந்தோப்பு தாண்டியது. உப்பளம் தாண்டியது. திருமேனி முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

"உன்கிட்டப் பேசணும் பேசணும்னு எவ்வளவு தவிச்சேன் தெரியுமா? உங்க மாமாங்க மூணு பேரும் கூடவே இருந்தாங்களா, எனக்குக் கூச்சமாப் போயிடுச்சு. ஆனா தங்கமான மனுஷங்க."

"யாரு மாமாங்க?" என்றாள் அஞ்சுகம்.

"உங்க மாமாங்கதான். என்னை மாப்ளே மாப்ளேன்னு கூப்பிட்டாங்களே."

"என்னை மருமவளேன்னு கூப்பிட்டாங்க. நான் உங்க மாமாங்கன்னுல்ல நெனச்சேன்!"

வேன் நின்றது. ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப அவங்க யாரு?"

"தெரியலையேங்க. வீட்டுக்குப் போய்க் கேட்டுப் பாக்கலாமா?"

திருமேனி ரிவர்ஸ் கியரில் கையை வைத்தான். அப்புறம் எடுத்துவிட்டான். "எப்படிப் போறது? 'வரலாம்' சொல்ல ஆள் இல்லையே."

அஞ்சுகம் யோசித்துப் பார்த்தாள். அவன் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. தூக்குச்சட்டியைத் திறந்து ஒரு கவளம் புளிச்சோற்றை உருட்டி அவன் கையில் வைத்தாள். "அப்ப நேராவே போங்க. பேசிக்கிட்டே போவோம்."

போன வாரம் மங்களூர்ப் பக்கம் மீன் ஏற்றிப் போன ஒருத்தர் அவர்களைப் பார்த்தாராம். கடல் அங்கேயும் இடப்பக்கம்தானாம். திருமேனி பேசிக்கொண்டே இருக்கிறானாம், அவளுக்குத்தான் வாய் திறக்க இடமில்லையாம்.

இங்கே புன்னைத்துறையில் அந்த மூன்று பேரும் இன்னும் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். சம்பந்தி வீட்டு ஆட்களைக் கிளம்புங்கள் என்று எந்த வாயால் சொல்வது என்று காவேரியம்மாளுக்குத் தெரியவில்லை. ஆனால் தின்ற சோற்றுக்கு அவர்கள் துரோகம் செய்வதில்லை. பிள்ளைகள் வழி தெரியாமல் தவித்துவிடக்கூடாது என்று தினமும் சாப்பாடு முடிந்ததும் வாசலில் வரிசையாக நின்று, ஆளில்லாத ரோட்டைப் பார்த்து, "வரலாம்... வரலாம்... லேசா ஒடி..." என்று குரல் கொடுக்கிறார்கள். நேற்று அந்த வழியாகப் போன ஒரு வைக்கோல் லாரி அந்தச் சத்தத்தைக் கேட்டு நின்று, யோசித்து, பின்னாலேயே வந்து கல்யாணப் பந்தலுக்குள் நுழைந்துவிட்டது. லாரிக்காரருக்கும் இலை போட்டாயிற்று.