ஸ்டெப்னிக்கு ஒரு இடம்

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாக இருக்கிறது. முன்னதைப் பின்னால் சொல்லிவிட்டால் அம்மா செய்தது வெறும் வேடிக்கையாகத் தெரிந்துவிடும். நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

கொல்லிமலை அடிவாரத்தில் எங்கள் மடம். குரு சுந்தரவல்லி அம்மா. வயதில் என்னைவிடச் சின்னவர். மடத்தின் பழைய லாரியை என் வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் ஆபரேஷன் ஆன பிறகு நான் ஓட்டுகிறேன்.

மலைக்கோயில் திருவிழாவுக்கு அரிசியும் அண்டாக்களும் ஏற்றிக்கொண்டு, அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் நான் ஓட்டிப்போவது அன்றைக்குத்தான் முதல்முறை. வண்டிக்கு வாழைமரம் கட்டியாகிவிட்டது. மேளக்காரரும் வந்துவிட்டார். மூட்டைகளுக்கு மேலே ஒரு நாற்காலியைக் கட்டி, பட்டு விரித்து, மாலை போட்டு வைத்திருந்தார்கள். அம்மா உட்காருவதற்கு.

எனக்குக் காலையிலிருந்து ஒரே கவலை. மாற்று டயரை, அந்த ஸ்டெப்னியை, எங்கே வைப்பது?

வண்டிக்கு அடியில் தொங்கவிட்டால், சங்கிலி துருப்பிடித்தது. வளைவில் அறுந்து பின்னால் வருகிறவர் மேல் விழுந்தால்? கேபின் தலைமேல் ஏற்றினால் யார் இறக்குவது? கடைசியில் மூட்டைகளுக்கு அடியில் படுக்கவைத்து, வேறு சங்கிலி போட்டுப் பூட்டினேன். இனி யாரும் திருட முடியாது. அப்படியும் மனசு அடங்கவில்லை.

"பேசாம மடியில வச்சுக்கிட்டு ஓட்டுக்கா," என்றாள் சமையல் செய்யும் வெள்ளையம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மா வந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன்.

"அம்மா, ஸ்டெப்னி எங்க இருந்தாப் பத்திரமுங்க?"

அம்மா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்சக்கரத்தைக் காலால் தட்டினார்.

"இது வெடிச்சிருச்சு. மாத்து."

"நல்லாத்தானுங்க இருக்கு?"

"வளைவுல நிக்கறோம் அங்காயி. பின்னால பஸ்காரன் ஹாரன் அடிக்கறான். மாத்து."

வெள்ளையம்மா அந்த விளையாட்டைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். "பாம், பாம்! யாரும்மா அது, வண்டியக் குறுக்க நிறுத்துனது?"

மேளக்காரர் சும்மா இருப்பாரா? அவரும் அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் ஏறினேன். நாற்காலியை அவிழ்த்து இறக்கினோம். மூட்டைகளை இறக்கினோம். அண்டாக்கள் உருண்டன. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டயர்மேல் குனிந்தேன். பூட்டு.

"சாவி?" என்றார் அம்மா.

"வீட்டுலங்க. பீரோவுல."

"வளைவுல இருந்து வீடு ரொம்பத் தூரமாச்சே."

சாவிக்கு ஆள் ஓடியது. பூட்டைத் திறந்து டயரைக் கீழே உருட்டினேன். அதில் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை நான் வைத்த சந்தனமும் குங்குமமும் அடையடையாக இருந்தன. அம்மா இரும்புக் கம்பியால் ஒரு தட்டுத் தட்டினார். சொத்தென்றது.

"காத்து?"

"பூஜை தவறாமப் போடறேனுங்க."

அம்மா டயரிலிருந்த குங்குமத்தைத் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"நான் கும்பிட்டாச்சு. நீ போய்க் காத்தடிச்சுட்டு வா."

ரோட்டோரப் பஞ்சர் கடைக்கு உருட்டிக்கொண்டு ஓடினேன். பின்னாலேயே மேளம். கடைக்காரர் ஏதோ சாமி ஊர்வலம் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

திரும்பி வந்ததும் மூட்டைகளை முதலில் அடுக்கச் சொன்னேன். டயரைக் கடைசியாக ஏற்றி, பின்கதவு ஓரமாக நிற்கவைத்து, பக்கப் பலகையோடு இறுக்கிக் கட்டினேன். அதற்கு முன்னால் ஒரு தேங்காய்கூட வைக்க விடவில்லை. சின்னப் பூட்டு. சாவியைத் தாலிக்கொடியில் ஊக்குகளோடு கோத்துக்கொண்டேன்.

"மறுபடியும் வெடிச்சிருச்சு!" என்று நானே கத்திவிட்டு, அவிழ்த்து, இறக்கி, திரும்பவும் ஏற்றிக் கட்டினேன். மூச்சு வாங்கியது. சிரிப்பும் வந்தது.

அதற்குள் நாற்காலியைப் பழையபடி மேலே கட்டிவிட்டார்கள். அம்மா ஏணியில் கால் வைத்தார்.

"அம்மா, அங்க வேண்டாம். இறங்குங்க."

மேளம் நின்றது. "யாரை இறங்கச் சொல்ற? வருஷா வருஷம் அம்மா அங்கதான்," என்று வெள்ளையம்மா சீறினாள்.

"ஏன் அங்காயி? பட்டு விரிச்சிருக்கு. மாலை போட்டிருக்கு," என்றார் அம்மா.

"அதுதானுங்க பயமா இருக்கு. வளைவுல நான் கூப்பிட்டா உங்களுக்குக் கேக்காதுங்களே."

அம்மா ஏணியிலிருந்து இறங்கினார்.

நாற்காலியை அவிழ்த்து மடத்துக்குள் அனுப்பினேன். பட்டை மடித்து என் பக்கத்துச் சீட்டில் போட்டு, அம்மாவை அங்கே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன்.

"இப்பப் பயம் போச்சா?"

"இல்லைங்கம்மா."

"அதுவும் கூட வரட்டும். வண்டிய எடு."