அழைப்பிதழில் ஒரு சொல்

‘அமரர்’ என்றால் இறந்தவர் என்று நம்பாத அச்சகம் தமிழ் நிலத்தில் இல்லை. இது பாரதூரமான பிழை. சாவில்லாதவர் என்பதே அச்சொல்லின் பொருள். உலகம் இந்தத் திருத்தத்தை ஏற்கும்வரை எங்கள் தீவில் ஒரு கல்யாணம் காத்திருக்கவில்லை. ஆகவே இந்தப் புதிர்.

இராசகுலத்தை இறங்குதுறையில் வைத்துச் சிப்பாய்கள் கூட்டிப்போனபோது மகள் மேகலா கைக்குழந்தை. அவர் திரும்பவில்லை. அவருடைய தாய் பத்து வருடம் காத்திருந்து கண்மூடினார். பிறகு காத்திருப்பது மனைவி நாகபூசணியின் பொறுப்பாயிற்று. மேகலாவுக்கும் அதில் பங்கு வந்தது: மத்தியானத்தில் அப்பாவுக்கென்று ஒரு தட்டில் சோறு போட்டு மூடிவைப்பது. இறந்தவருக்கு என்றால் வாழையிலையில் படைப்பார்கள். நாகபூசணி ஒருநாளும் இலை வெட்டவில்லை. பொட்டையும் அழிக்கவில்லை. அந்தப் பொட்டோடு மகளின் மணவறையில் நிற்க வேண்டும் என்பதே அவளுடைய ஒரே ஆசை.

கல்யாணத்துக்கு நகை எடுக்கப் பெட்டியைத் திறந்த மேகலா, அடியில் தகப்பனின் மரணச் சான்றிதழைக் கண்டாள். பதினொரு வருடப் பழசு. விண்ணப்பித்தவர் நாகபூசணி. மேகலா அதை இருந்த இடத்திலேயே வைத்துப் பெட்டியை மூடினாள். அழைப்பிதழில் தகப்பன் பெயருக்கு முன் ‘அமரர்’ என்று அடிப்பித்தாள். அது நானூறு வீடுகளுக்குப் போனபின்தான் தாய் பார்த்தாள்.

“அப்பா செத்தவர் எண்டு உனக்கு ஆரடி சொன்னது?”

“நீங்கள்தான். கையெழுத்து உங்கட.”

“வலைப்பந்து விளையாட இந்தியா போகோணும் எண்டு அழுதாய். தகப்பன்ர கையெழுத்து இல்லாட்டிப் பாஸ்போட் இல்லையாம். அரசாங்கக் கந்தோருக்கு வேறை என்னத்தைச் சொல்ல?”

“கந்தோருக்கு ஒரு அப்பா, எனக்கு ஒரு அப்பாவோ? பதினொரு வருசம் என்னை ஏமாத்திப் பேய்க்காட்டிச் சோறு மூட வைச்சீங்கள்.”

“நீ ஊருக்கே அடிச்சுக் குடுத்து என்னைத் தாலியறுத்துப்போட்டாய்.”

வாசகரே, தாய் மகளுக்குத் துரோகம் செய்தாளா, மகள் தாய்க்கா?

விடை: நாகபூசணி பொய் சொன்னது கந்தோருக்கு. அதைத் தானும் நம்பியிருந்தால் மறுநாளே இலை வெட்டியிருப்பாள். நம்பாத காகிதத்தை எதற்குப் பூட்டிவைத்தாள் என்று மேகலாவின் கட்சி கேட்கும். கேள்வி நியாயமானதுதான். இருந்தும் நான் தாயின் பக்கம். கல்யாணத்தன்று மணவறையில் மேகலாவுக்குப் பக்கத்தில் நின்றவர் தாயின் தங்கை, சுமங்கலியான சின்னம்மா. நாகபூசணி பந்தியில் பாயசம் வார்த்தாள்.