மில்லியன் என்றால் எத்தனை

“அலுத்துப் போச்சு சாமி. நீங்க சொன்ன மில்லியன், கோடி இல்லையாமே?”

கதிரேசனுக்கு வயது அறுபத்துநான்கு. மடத்துச் சாமி அவரைவிட இருபது வயது இளையவர், பினாங்கில் பிறந்து வளர்ந்தவர். அங்கே லட்சமும் கிடையாது, கோடியும் கிடையாது. ஆயிரம், அதைவிட்டால் மில்லியன்.

பதினோரு வருடத்துக்கு முன் கதிரேசனின் அம்மா இறந்தபோது, சென்னைக்குப் போயிருந்த அவர் ஊர் வந்து சேருவதற்குள் தம்பி சொக்கலிங்கம் தகனத்தை முடித்துவிட்டார். அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க இவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

கொதித்துப்போய் வந்தவருக்குச் சாமி ஒரு வழி சொன்னார். சிவநாமத்தை ஒரு மில்லியன் தடவை சொல்லுங்கள், முடிந்த அன்றைக்குத் தம்பியைப் போய்ப் பாருங்கள்.

அதுவரை பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் கதிரேசன் காதில் நன்றாக விழுந்தது.

அன்றிலிருந்து தினம் முந்நூறு. காய்ச்சலிலும் முந்நூறு. தம்பி வீடு இரண்டு தெரு தள்ளித்தான். எதிரே வந்தால் இவர் சந்தில் திரும்பிவிடுவார். தம்பி மகள் கல்யாணத்துக்கு அழைத்தபோதும், தினம் முந்நூறுதான், மில்லியன் இன்னும் முடியவில்லை என்று சொல்லி அனுப்பினார்.

நேற்று மடத்துப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த மலேசியாக்காரப் பெண்மணி சொல்லித்தான் தெரிந்தது. மில்லியன் என்றால் வெறும் பத்து லட்சம். இவரோ பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தார்.

“ரெண்டு லட்சம் வீணாப் போச்சே. நாக்கு தேஞ்சதுதான் மிச்சம்.”

சாமிக்கும் களைப்பாக இருந்தது. காலையிலிருந்து குறை சொல்லி வந்தவர்களில் இவர் ஆறாவது ஆள்.

“கோடின்னு யார் சொன்னது?”

“நானா நெனச்சுக்கிட்டேன்.”

“இத்தனை வருஷத்துல என்னை ஒரு வார்த்தை கேக்கலையே.”

கதிரேசன் துண்டை எடுத்துத் தோள் மாற்றிப் போட்டார்.

“தினம் முந்நூறு. கோடி முடிய எத்தனை வருஷம் ஆகும்?”

கதிரேசன் விரலை மடக்கினார், நீட்டினார், பாதியில் விட்டுவிட்டார்.

“தொண்ணூத்தோரு வருஷம்,” என்றார் சாமி. “அன்னைக்கு உங்களுக்கு நூத்தி நாப்பத்துநாலு வயசு.”

மடத்து வாசலில் யாரோ தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். கதிரேசன் அதையே பார்த்தார். வெட்கமாக இருந்தது. அதற்குமேல், பதினோரு வருட அசதியும் ஒன்றாக வந்து உட்கார்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இப்பப் போய் நின்னா கதவைத் திறப்பானா சாமி?”

“ரெண்டு வருஷம் முந்தி அவர் இங்க வந்தாரு. மில்லியன் முடிஞ்சிருக்கணுமேன்னு கேட்டாரு. அண்ணனுக்கு ஆள் அனுப்பட்டுமான்னேன், வேண்டாம்னுட்டாரு.”

“ஏனாம்?”

“அண்ணனுக்குச் சின்ன வயசுலேருந்தே கணக்கு வராது, நான் காத்திருக்கேன்னாரு.”